‘என்மேல நம்பிக்கை இல்லையா?’: ஆணுறையும் எச்.ஐ.வி.யும் பற்றி ஓர் எளிய விளக்கம்

2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பஸ்ஸில் போய்வந்த யாருக்கும் அந்த விளம்பரப் பலகை மறந்திருக்காது. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று ஒரே ஒரு கேள்வி. டீக்கடையிலிருந்து காலேஜ் வரை எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பேச வைத்தது என்ற வகையில் அது பெரிய வெற்றிதான். ஆனால் பலர் காதில் விழுந்தது வேறு மாதிரி: எய்ட்ஸ் வருமா வராதா என்பது ஆள் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது, ராஜா யோக்கியமா இல்லையா என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

இன்றும் பேச்சு அங்கேயேதான் நிற்கிறது. ‘அந்த மாதிரி ஆட்களுக்குத்தான் வரும்’ என்று வெளியே இருப்பவர்கள் சொல்கிறார்கள். தன்பாலீர்ப்பு ஆண்களும் இருபாலீர்ப்பு ஆண்களும் தங்களுக்குள் பேசும்போதும் கேள்வி பெரிதாக மாறுவதில்லை. ஆண்கள் ஆண்களைத் தேடிச் சந்திக்கும் கிரைண்டர் ஆப்பில் ‘க்ளீனா?’, அதாவது நோய் ஏதும் இல்லையே, என்று கேட்பார்கள். ‘கல்யாணமானவர், டீசன்ட்டான ஆள், அதனால காண்டம் போடல’ என்பார்கள். ‘ரெண்டு வருஷமா ஒரே ஆளோடதான், இனிமே எதுக்கு?’ என்பார்கள். வெளியாள் சொல்வது வெறுப்பில் வருகிறது, உள்ளே இருப்பவர் சொல்வது அன்பில் வருகிறது. கணக்கு மட்டும் ஒன்றுதான். இரண்டு பேருமே ஆளை எடை போட்டு வைரஸைக் கணிக்கிறார்கள்.

மருத்துவ உலகமே இதைச் செய்திருக்கிறது. 1981 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அபூர்வமான நிமோனியா பற்றி அமெரிக்க அரசின் வாராந்தர நோய் அறிக்கை எழுதியது. ஐவரும் தன்பாலீர்ப்பாளர்கள். உடனே ‘தன்பாலீர்ப்பாளர் நோய்’ என்ற பொருள்படும் பெயரே கொஞ்ச நாள் புழங்கியது. 1982-ல்தான் எய்ட்ஸ் என்ற பெயர் நிலைத்தது. அதற்குள் ‘இது அவங்க நோய், நமக்கு இல்லை’ என்ற நினைப்பு ஊரெல்லாம் பரவிவிட்டது.

வைரஸுக்கு ஆளைத் தெரியாது. அதன் கணக்கில் மூன்றே விஷயங்கள்தான்: எவ்வளவு வைரஸ் இருக்கிறது, எந்த வழியாக உள்ளே போகிறது, போன இடத்தில் பெருக முடிகிறதா. இந்த மூன்றும் புரிந்தால் ஆணுறை எதைத் தடுக்கிறது, மாத்திரை எதைத் தடுக்கிறது, ‘நம்பிக்கை’ எதைத் தடுக்கவில்லை என்பது தானாகப் புரியும்.

ஜெராக்ஸ் கடையும் ஒரு மூலத்தாளும்

எச்.ஐ.வி. தன்னால் பெருக முடியாத வைரஸ். கையில் ஒரே ஒரு மூலத்தாளை வைத்துக்கொண்டு அலைகிற ஆசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். நகல் எடுக்க அவனுக்கு ஜெராக்ஸ் கடை வேண்டும். நம் உடம்பில் அந்தக் கடை, சிடி4 செல். நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை இது. கிருமி வந்தால் மற்ற அணுக்களை எழுப்பி வேலைக்கு அனுப்புவது இதன் பொறுப்பு.

தாள் கடைக்கு வந்து சேர்ந்தால் மட்டும் போதாது. வைரஸின் தாள் இருக்கும் வடிவம் வேறு, நம் செல்லின் மெஷினுக்குப் புரியும் வடிவம் வேறு. அதனால் வைரஸ் தன்னோடு ஒரு நொதியைக் கொண்டுவருகிறது. அந்த நொதிதான் தாளை மெஷினுக்கு ஏற்ற வடிவத்தில் மாற்றி எழுதுகிறது. மாற்றி எழுதிய தாள், கடையின் சொந்த ஃபைலுக்குள், அதாவது செல்லின் மரபணுவுக்குள், போய்ச் செருகிக்கொள்கிறது. அப்புறம் கடை தன் சொந்த வேலை என்று நினைத்துக்கொண்டு அந்தத் தாளை நகலெடுத்துத் தள்ளுகிறது. ஒவ்வொரு நகலும் இன்னொரு கடையைத் தேடிப் போகிறது. கடைகள் ஒவ்வொன்றாக நாசமாகின்றன.

எச்.ஐ.வி. என்பது வைரஸின் பெயர். எய்ட்ஸ் என்பது, சிகிச்சை இல்லாமல் பல ஆண்டுகள் போய், சிடி4 செல்கள் மிகவும் குறைந்து, சாதாரணக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும் கட்டம். எச்.ஐ.வி. இருக்கிற பெரும்பாலானோருக்கு, மருந்து ஒழுங்காக எடுத்தால், எய்ட்ஸ் வருவதேயில்லை. நம் செய்தித்தாள்கள் இன்னமும் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகின்றன.

ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை நகல்கள் ஓடுகின்றன என்பதற்கு வைரல் லோட் என்று பெயர். தொற்று வந்த முதல் சில வாரங்களில் இது எகிறும், 10 லட்சத்தைக்கூடத் தாண்டலாம். அதே வாரங்களில் ரத்தப் பரிசோதனை பல நேரம் ‘நெகட்டிவ்’ என்றே சொல்லும், ஏனென்றால் பெரும்பாலான டெஸ்ட்கள் தேடுவது உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளை. அது உருவாகக் கொஞ்ச நாள் ஆகும். தொற்று வந்ததற்கும் டெஸ்ட்டில் தெரிவதற்கும் இடையிலான இந்தக் காலத்துக்கு விண்டோ பீரியட் என்று பெயர். டெஸ்ட்டின் வகையைப் பொறுத்து சில வாரங்களிலிருந்து மூன்று மாதம் வரை போகலாம்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் மனசாரப் பொய் சொல்லாமல் ‘நான் நெகட்டிவ்’ என்று சொல்லும் நேரமே, அவரிடமிருந்து தொற்று மிக எளிதாகப் பரவும் நேரமாகவும் இருக்கலாம். அவருடைய நேர்மையில் குறையே இல்லை. ஆனால் அந்த நேர்மை உங்களைக் காப்பாற்றாது.

சுருக்கமாக: தாள் வர வேண்டும், கடை திறந்திருக்க வேண்டும், மெஷின் ஓட வேண்டும். மூன்றில் ஒன்றைத் தடுத்தாலும் போதும்.

ஏன் ஆண்களுக்கு இடையில் அதிகம்?

எச்.ஐ.வி. போதுமான அளவில் இருக்கும் திரவங்கள் சிலவே: ரத்தம், விந்து, விந்துக்கு முன் வரும் திரவம், பெண்ணுறுப்பிலும் ஆசனவாயிலும் சுரப்பவை, தாய்ப்பால். எச்சில், வியர்வை, கண்ணீர், கொசு எதிலும் பரவாது. இதை இன்னும் எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்குமோ தெரியவில்லை.

வழி என்று பார்த்தால், ஆசனவாய்க்கு உள்ளே மலக்குடலின் சளிச்சவ்வு ஒரே ஒரு செல் கனமுள்ளது. சளிச்சவ்வு என்பது உடம்பின் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் ஈரமான மெல்லிய தோல். பெண்ணுறுப்பில் இது பல அடுக்காக இருக்கும். மலக்குடலில் ஒற்றை அடுக்கு, எளிதில் சிராயும். அதற்குக் கீழே, குடலின் சுவரில், சிடி4 செல்கள் நெருக்கமாகக் குவிந்திருக்கின்றன. கதவும் மெல்லியது, கதவைத் தாண்டினால் தெருவெங்கும் ஜெராக்ஸ் கடைகள்.

எச்.ஐ.வி. உள்ள, சிகிச்சை எடுக்காத ஒருவரோடு ஆணுறையோ மருந்தோ இல்லாமல் 10,000 முறை உறவு நடந்தால் எத்தனை முறை தொற்றும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆசனவாய் உறவில் ஏற்பவருக்கு, அதாவது பாட்டத்துக்கு, சுமார் 138. அதே உறவில் செலுத்துபவருக்கு, அதாவது டாப்புக்கு, 11. பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. வாய்வழி உறவில் மிக மிகக் குறைவு.

இந்த எண்களை இரண்டு விதமாகத் தவறாகப் படிப்பார்கள். ‘நூற்றில் ஒண்ணு ஒண்ணரைதானே’ என்று நிம்மதியாவது ஒன்று. இது சராசரி. வைரல் லோட் எகிறியிருக்கும் வாரங்களில், அல்லது வேறு பால்வினை நோய்ப் புண் இருக்கும்போது, ஆபத்து இதைவிட அதிகம். ஒரே முறையில் தொற்றியவர்களும் உண்டு. இன்னொரு தவறு, 138 என்பதைத் தன்பாலீர்ப்பாளர்களின் எண் என்று நினைப்பது. அது ஒரு செயலின் எண். ஆணும் பெண்ணும் அதே செயலைச் செய்தால் அந்தப் பெண்ணுக்கும் இதே ஆபத்துதான்.

வட்டம் சிறியது என்பதும் ஒரு காரணம். இந்தியாவில் பொதுவாகப் பெரியவர்களில் சுமார் 0.2% பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களில் அது 3%-க்கு மேல். ஒரு ஊரில் ஒருவரையொருவர் சந்திக்கும் வட்டம் சிறியதாகவும், அதே ஆள் ஒரு நாள் டாப்பாகவும் இன்னொரு நாள் பாட்டமாகவும் இருக்கும்போது, உள்ளே வந்த வைரஸ் இரண்டு திசையிலும் ஓடும். ‘நான் ஒருவரோடு மட்டுமே இருப்பவன்’ என்று சொல்பவரும் அந்த வட்டத்துக்குள்ளேயேதான் தன் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்.

ஆணுறை: பொருள் ஒன்று, பயன்பாடு பல

ஆணுறை செய்வது எளிய வேலை. தாள் கடைக்குப் போகாமல் மறிக்கிறது. கிழியாத லேடெக்ஸ் உறையைத் தாண்டி வைரஸ் போகாது. ‘காண்டம்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கு’ என்று வாட்ஸப்பில் சுற்றுவது வெறும் கதை.

அப்படியானால் 100% பாதுகாப்பு என்று ஏன் யாரும் சொல்வதில்லை? அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் ‘எப்போதும் ஆணுறை போடுவேன்’ என்று சொன்ன ஆண்களின் பழைய தரவுகளை ஆராய்ந்தார்கள். ஒரு கணக்கில் 70% பாதுகாப்பு வந்தது. பின்னர் 2018-ல் வேறு முறையில் கணக்கிட்டபோது 91% வந்தது. லேடெக்ஸ் நடுவில் மாறிவிடவில்லை. ‘எப்போதும்’ என்று சொல்பவர் உண்மையில் எத்தனை முறை போட்டார், தொடக்கத்திலிருந்து போட்டாரா, பாதியில் போட்டாரா என்பதையெல்லாம் எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதில்தான் வித்தியாசம்.

நம் ஊரில் இதற்கென்றே ஒரு சொந்தப் பிரச்சினை உண்டு: தேங்காய் எண்ணெய். மலக்குடல் தானாக வழவழப்பைச் சுரக்காது, அதனால் ஏதாவது தடவியாக வேண்டும். அறையில் எப்போதும் இருப்பது தேங்காய் எண்ணெய் டப்பா. இல்லாவிட்டால் வாசலின், பாடி லோஷன். எண்ணெய் பட்ட லேடெக்ஸ் சில நிமிடங்களிலேயே வலுவிழக்கத் தொடங்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, இழுபடும்போது கிழியும். ‘காண்டம் போட்டேன், கிழிஞ்சிடுச்சு, அது வேஸ்ட்’ என்று சொல்பவரிடம் என்ன தடவினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். தண்ணீர் அடிப்படையிலான அல்லது சிலிக்கோன் ஜெல்தான் லேடெக்ஸுக்குப் பொருந்தும். மெடிக்கலிலும் கிடைக்கிறது, ஆன்லைனிலும் கிடைக்கிறது. எச்சில் போதாது, சீக்கிரம் காய்ந்துவிடும்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கக் கூடாது. பர்ஸுக்குள் மாதக்கணக்கில் உட்கார்ந்து நசுங்கிய உறையை நம்பக் கூடாது. ஒன்றின்மேல் ஒன்று இரண்டு போட்டால் உராய்ந்து கிழியும். தேதியைப் பாருங்கள்.

தெரிந்தும் ஏன் போடுவதில்லை?

‘இவங்களுக்குப் பொறுப்பே கிடையாது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வரலாறு அதற்கு நேர்மாறு. எய்ட்ஸுக்குக் காரணம் என்ன என்றே உறுதியாகத் தெரியாத 1983-ல், நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் சிலர் தாங்களே முன்வந்து ஆணுறை போடச் சொல்லித் தங்கள் மக்களிடம் பிரசாரம் செய்தார்கள். அரசாங்கங்கள் அதற்கு வெகுநாள் கழித்தே வாய் திறந்தன. ஆணுறையை ஒரு நோய்த்தடுப்புக் கருவியாக உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததில் பெரிய பங்கு அவர்களுடையது.

ஆனால் ஒரு தலைமுறை முழுக்கப் பயத்தோடு போட்டுக்கொண்டே இருக்க முடியாது. 1996-ல் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது, நண்பர்கள் சாவது நின்றது, பயம் தளர்ந்தது. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு எய்ட்ஸ் சாவு ஒரு பழங்கதை. பயத்தை மட்டும் நம்பி நடத்திய பிரசாரம் பயம் போனதும் காலியாகிவிட்டது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

சொல்லப்படும் காரணங்களில் ‘ஃபீல் இல்லை’ என்பது முதலிடம். அதைக் கேலி செய்ய வேண்டாம். ஆணுறை போட்டதும் விறைப்பு போய்விடுவது பலருக்கு உண்மையாகவே நடப்பது. வெட்கத்தில் வெளியே சொல்லாமல் ‘வேண்டாம் விடு’ என்கிறார்கள். சரியான அளவும், உறையின் உள்நுனியில் ஒரு சொட்டு ஜெல்லும் பலருக்கு இதைத் தீர்த்துவிடும். குடி இன்னொரு காரணம், அதை விளக்கத் தேவையில்லை.

இதைவிட ஆழமான காரணம், ஆணுறை நம்மிடையே நம்பிக்கையின் அளவுகோலாக ஆகிவிட்டது. முதல் சந்திப்பில் போடுவார்கள், மூன்றாவது சந்திப்பிலும் உறையைக் கையில் எடுத்தால் ‘என்மேல நம்பிக்கை இல்லையா?’ என்ற கேள்வி வரும். கல்யாணம், மோதிரம், வீட்டார் சம்மதம் எதுவும் கிடைக்காத ஒரு உறவில், ஆணுறையைக் கழற்றுவதே நிச்சயதார்த்தம் மாதிரி. அதை மறுபடி எடுத்து வைப்பது, கிட்டத்தட்ட முறித்துக்கொள்வது மாதிரி. அதன் கனம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2009-ல் வெளிவந்த ஒரு ஆய்வு, அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் ஆண்களுக்கிடையே நடந்த தொற்றுகளில் சுமார் 68% நிரந்தரத் துணையிடமிருந்தே வந்ததாக மதிப்பிட்டது. ஒருநாள் சந்திப்புகளிலிருந்து வந்தது அதைவிடக் குறைவு. காரணம் துரோகம் மட்டுமே என்று நினைத்துவிடாதீர்கள். நிரந்தரத் துணையோடு உறவு அடிக்கடி நடக்கிறது, ஆணுறை குறைவாக இருக்கிறது. பலர் அந்த உறவைத் தொடங்கும் முன்பே தொற்றோடு வந்திருப்பார்கள், அது அவர்களுக்கே தெரியாது.

இதற்கு ஆஸ்திரேலியர்கள் ஒரு வழி கண்டார்கள். சிட்னியில் பல ஜோடிகள் தாங்களாகவே செய்துகொண்டிருந்த ஒரு ஏற்பாட்டை 1993-ல் ஆய்வாளர்கள் கவனித்து எழுதினார்கள். ஆணுறையைக் கழற்றுவதற்கு முன் இருவரும் டெஸ்ட் எடுப்பது, விண்டோ பீரியட் முடியும்வரை காத்திருந்து மறுபடி எடுப்பது, வெளியே உறவு உண்டா இல்லையா, இருந்தால் ஆணுறையோடு மட்டும்தானா என்று வாய்விட்டுப் பேசி முடிவு செய்வது, அது தவறினால் மறைக்காமல் சொல்வது. இந்தக் கடைசி நிபந்தனையில்தான் எல்லாம் நிற்கிறது. ‘வேற யாரோடயாவது போனா செத்துடுவேன்’ என்று மிரட்டி வாங்கிய சத்தியம் மீறப்படும்போது, எதிராளி வாயைத் திறக்கவே மாட்டார். திட்டாமல் கேட்டுக்கொள்வார் என்று தெரிந்தால்தான் ஒருவர் சொல்வார்.

அப்புறம், யார் ‘வேண்டும்’ என்று சொல்ல முடியும் என்ற கேள்வி இருக்கிறது. இந்தியாவில் கோத்தி, பந்தி என்று பேசுவார்கள். கோத்தி பெண்மை சாயல் உள்ளவர், பெரும்பாலும் ஏற்பவர். பந்தி ‘ஆம்பளை’, பல நேரம் கல்யாணமானவர், தன்னை கே என்று நினைப்பதே இல்லை. தன்பாலீர்ப்பாளர்களுக்கான எச்.ஐ.வி. அறிவிப்பு என்றால் அது தனக்கில்லை என்று தாண்டிப் போய்விடுவார். ஆபத்து அதிகம் கோத்திக்கு, முடிவு பெரும்பாலும் பந்தியின் கையில். வீட்டில் இருக்கும் மனைவிக்கோ இந்தப் பேச்சு எதுவும் தெரியாது. சுகாதாரத் திட்டங்கள் அடையாளத்தை விட்டுவிட்டு ‘ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள்’ என்று செயலை வைத்துப் பேசத் தொடங்கியதற்கு இதுதான் காரணம். சென்னையில் 1998-ல் சுனில் மேனன் தொடங்கிய சகோதரன் போன்ற அமைப்புகள் இறங்கி வேலை செய்தது இந்த இடத்தில்தான்.

கையில் வைத்திருப்பதே பயமாக இருந்த காலமும் உண்டு. 2001-ல் லக்னோவில் ஆண்களுக்கிடையே எச்.ஐ.வி. தடுப்பு வேலை செய்த களப்பணியாளர்களையே போலீஸ் பிடித்து ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் வைத்தது. வழக்குப் போட உதவியது, தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் விரும்பி வைத்துக்கொள்ளும் உறவு அந்தப் பிரிவில் வராது என்று தீர்ப்பளித்தது. சட்டம் போனாலும் வீடு இருக்கிறதே. துவைக்கப் போட்ட சட்டைப் பையில் ஒரு உறையை அம்மா கண்டெடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தே வாங்காமல் இருப்பவர்கள் உண்டு. தெரு முனை மெடிக்கலில் கேட்க முடியாது, அந்தக் கடைக்காரருக்கு அப்பாவைத் தெரியும்.

சுருக்கமாக: ஆணுறை போடாததற்குப் பின்னால் அலட்சியத்தைவிட அன்பு, வெட்கம், பயம், பேச முடியாமை ஆகியவைதான் அதிகம். ‘போடு போடு’ என்று மட்டும் சொல்வது இந்த நான்கில் எதையும் தொடுவதில்லை.

மெஷினை நிறுத்தும் மருந்துகள்

இனி மாத்திரைக்கு வருவோம். ஏ.ஆர்.டி. என்பது எச்.ஐ.வி. உள்ளவர் எடுக்கும் கூட்டு மருந்து. பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. இது நகல் எடுக்கும் வேலையைப் பல இடங்களில் நிறுத்துகிறது. புதிய நகல் வராததால் வைரல் லோட் இறங்கிக்கொண்டே போய், சில மாதங்களில் டெஸ்ட்டே கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வந்துவிடும். ஆனால் ஃபைலுக்குள் செருகிய தாள் அங்கேயே கிடக்கிறது. மருந்தை நிறுத்தினால் மெஷின் மறுபடி ஓடும். அதனால்தான் வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும்.

வைரல் லோட் அந்த அளவுக்கு இறங்கி, அப்படியே நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் எச்.ஐ.வி. பரவாது. ‘குறைவாகப் பரவும்’ என்று நான் எழுதவில்லை. பரவாது. உலகம் முழுக்க இதை ‘யு ஈக்வல்ஸ் யு’ என்கிறார்கள்: கண்டறிய முடியாவிட்டால் பரவாது.

கேட்டதும் நம்ப முடியாது, அதனால் ஆதாரத்தைப் பார்ப்போம். ஒன்பது நாடுகளில் 1,763 ஜோடிகளோடு நடந்த ஒரு பெரிய ஆய்வு, மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96% குறைகிறது என்று 2011-ல் காட்டியது. சென்னையும் புனேயும் அதில் பங்கெடுத்தன. ஆனால் அந்த ஜோடிகள் கிட்டத்தட்ட எல்லாருமே ஆண்-பெண் ஜோடிகள். ‘ஆசனவாய் உறவுக்கு இது பொருந்துமா?’ என்ற சந்தேகம் மிச்சமிருந்தது. அதற்கு 2019-ல் ஐரோப்பாவிலிருந்து பதில் வந்தது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து கட்டுக்குள் உள்ள, மற்றவருக்கு இல்லாத, சுமார் 780 ஆண் ஜோடிகள். ஆணுறை இல்லாமல் ஏறக்குறைய 76,000 முறை உறவு. துணையிடமிருந்து தொற்றியது: 0. இடையில் 15 பேருக்கு எச்.ஐ.வி. வந்தது. வைரஸின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒன்றுகூடத் துணையுடையது இல்லை. எல்லாம் வெளியே வேறு யாரிடமிருந்தோ வந்தவை.

இப்போது கிரைண்டரின் ‘க்ளீனா?’ கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ‘எனக்கு எச்.ஐ.வி. இருக்கு, மருந்து எடுக்கிறேன், போன மாதம் வைரல் லோட் பார்த்தேன், கண்டறிய முடியாத அளவுதான்’ என்கிறார். இன்னொருவர் ‘நான் க்ளீன்’ என்கிறார், கடைசியாக டெஸ்ட் எடுத்தது மூன்று வருடம் முன்பு. பெரும்பாலானோர் முதல் ஆளை பிளாக் செய்துவிட்டு இரண்டாவது ஆளோடு போவார்கள். எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை, ஆபத்து இல்லாதவர் முதல் ஆள்தான்.

எச்.ஐ.வி. இல்லாதவர் எடுப்பது ப்ரெப். கடைக்குத் தாள் வருவதற்கு முன்பே, வடிவம் மாற்றி எழுதும் அந்த நொதியை முடக்கிப் போடும் மருந்து இது. தாள் வந்தாலும் படிக்கப்படாமல் போய்விடும். டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபின் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த மாத்திரையை அமெரிக்கா 2012-ல் இதற்காக அங்கீகரித்தது. இதன் ஜெனரிக் மாத்திரைகளை இந்தியக் கம்பெனிகளே தயாரிக்கின்றன. 2010-ல் வந்த முதல் பெரிய ஆய்வில் பாதுகாப்பு 44% மட்டுமே. ஆனால் ரத்தத்தில் உண்மையிலேயே மருந்து இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது 92%. ஆணுறைக் கதைதான் மறுபடியும்: டப்பாவில் இருக்கும் மாத்திரை யாரையும் காக்காது. 2025-ல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசி அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றதற்குப் பின்னால் இந்தப் பிரச்சினைதான் இருக்கிறது. தினமும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம், அம்மா கண்ணில் படும் டப்பாவும் வேண்டாம்.

ப்ரெப்பைத் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. முதலில் எச்.ஐ.வி. இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், சிறுநீரகத்தையும் ஹெபடைட்டிஸ் பி-யையும் பார்க்க வேண்டும். டாக்டரிடம் போவது அதற்காக.

‘ப்ரெப் வந்தால் எல்லாரும் ஆணுறையை விட்டுவிடுவார்கள்’ என்பது பரவலான பயம். பாதி உண்மை. சிட்னி, மெல்போர்னில் 2013-க்கும் 2017-க்கும் இடையில் எப்போதும் ஆணுறை போடுவோர் 46%-லிருந்து 31%-ஆகக் குறைந்தார்கள், ப்ரெப் எடுப்போர் 2%-லிருந்து 24%-ஆக உயர்ந்தார்கள். அந்தக் காலத்தில் சிட்னி இருக்கும் மாநிலத்தில் ஆண்களுக்கிடையே புதிய எச்.ஐ.வி. தொற்று ஏறவில்லை, இறங்கியது.

அப்படியென்றால் ஆணுறைக்கு ஓய்வு கொடுத்துவிடலாமா? சிஃபிலிஸ், கொனோரியா, கிளமிடியா போன்றவற்றை ப்ரெப்பும் ஏ.ஆர்.டி.யும் தடுக்காது. ஆணுறை அவற்றைக் குறைக்கும். பலர் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள், சிலர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எதுவாக இருந்தாலும், எதை எது தடுக்கிறது என்று தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

ஏதாவது நடந்துவிட்டால், எங்கே போவது?

உறை கிழிந்துவிட்டது, அல்லது போடவே இல்லை. அதற்கு பெப் இருக்கிறது: சம்பவத்துக்குப் பிறகு தொடங்கி 28 நாள் எடுக்கும் மருந்து. 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சனிக்கிழமை ராத்திரி நடந்ததற்கு ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’ என்றால் கதவு மூடிவிடும். எங்கே கிடைக்கும் என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

டெஸ்ட்டுக்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. கட்டணம் இல்லை. முதலில் ஒரு ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். அவரிடம் ஆண்களோடு உறவு உண்டு என்று சொல்வதால் எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை. 2018-ல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. முதல் டெஸ்ட் பாசிட்டிவ் என்று காட்டினால் அதோடு முடிவு சொல்லிவிட மாட்டார்கள், வேறு வேறு கிட்களில் மறுபடி பார்த்து உறுதி செய்த பிறகே சொல்வார்கள். உறுதியானால் அங்கிருந்தே ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார்கள், மருந்தும் இலவசம். நெகட்டிவ் என்று வந்து, சமீபத்தில் ஆபத்தான சந்திப்பு இருந்தது என்று நீங்கள் சொல்லியிருந்தால், இன்னொரு தேதி குறித்து மறுபடி வரச் சொல்வார்கள். விண்டோ பீரியட் முடிந்திருக்க வேண்டுமே, அதற்காக.